மெட்டல் ஃபிலிம் போட்டால் ‘ஸ்ஸ்’ நிற்குமா?

கொக்குவில்_வால்வு:
நேற்று பேஸ்_பெடியன் தான் கட்டிய டிடிஏ2030 ஐசி ஆம்பில் பாட்டு ஓடாத நேரத்திலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு நெல்லியடி_சவுண்ட் எழுதிய மறுமொழி: “கார்பன் ரெசிஸ்டர் எல்லாத்தையும் கழற்றி எறி, மெட்டல் ஃபிலிம் போடு, சத்தம் அடியோடு நிற்கும்.” வாசித்ததிலிருந்து பொறுக்க முடியவில்லை. வெப்பத்தால் எழும் இரைச்சல் ரெசிஸ்டரின் ஓம் பெறுமானத்தைத்தான் பார்க்கும், அது எதில் செய்யப்பட்டது என்று பார்க்காது. 10 கிலோ ஓம் என்றால் 20 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குள் சுமார் 1.8 மைக்ரோவோல்ட். கார்பனிலும் அதே, மெட்டலிலும் அதே. பெல் ஆய்வுகூடத்து ஜோன்சன் கார்பன், உலோகக் கம்பி, உப்புக் கரைசல் என்று எல்லாவற்றையும் அளந்து 1928இலேயே எழுதிவிட்டார். பெடியனின் காசைக் கரைக்க வேண்டாம்.

நெல்லியடி_சவுண்ட்:
ஜோன்சன் நெல்லியடிக்கு வந்து என் செட்டைக் கேட்டாரா? போன மாதம் ஒரு பழைய ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைக் கூட்டும் பகுதி) வந்தது. கார்பனைக் கழற்றி மெட்டல் ஃபிலிம் போட்டேன், ‘ஸ்ஸ்’ போய்விட்டது. வாங்கிப்போன ஆள் இன்றைக்கும் நன்றி சொல்கிறார். புத்தகம் படித்தவர்களுக்குக் காது வேலை செய்யாது போல.

சுன்னாகம்_பழசு:
இரண்டு பேரும் பவர் சப்ளையை விட்டுவிட்டு ரெசிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கரண்டும் இல்லை, பேட்டரியும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். நல்ல டிசி இல்லாவிட்டால் இரைச்சல் வரத்தான் செய்யும்.

கொக்குவில்_வால்வு:
ஐயா, மதிப்போடு சொல்கிறேன். சப்ளையால் வருவது உறுமல். எங்கள் லைன் 50 ஹேர்ட்ஸ், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டினால் 100. அது ‘ம்ம்’ என்று கேட்கும். பெடியன் சொன்னது ‘ஸ்ஸ்’. இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஆம்பை ஓட்டினால் உறுமல் போகும், ‘ஸ்ஸ்’ அப்படியே நிற்கும்.

நெல்லியடி, ஒன்று கேட்கிறேன். அந்த ப்ரீஆம்பில் ரெசிஸ்டரை மட்டுமா மாற்றினீர்கள்? ஐசியையும் மாற்றினதாக நீங்களே வேறோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள்.

நெல்லியடி_சவுண்ட்:
உண்மைதான், டிஎல்072 ஐசியை எடுத்து என்இ5532 போட்டேன். அதுக்கென்ன? சத்தத்தை நிறுத்தியது மெட்டல் ஃபிலிம்.

கொக்குவில்_வால்வு:
இதுதான் விஷயம்! டிஎல்072இன் இரைச்சல் ஒரு வர்க்கமூல ஹேர்ட்ஸுக்கு (ஐசி இரைச்சலை அளக்கும் அலகு அது) 18 நனோவோல்ட், 5532இல் 5. வேலை செய்தது ஐசி, பெயர் வாங்கியது ரெசிஸ்டர். திரும்பவும் சொல்கிறேன், ஓம் சமன் என்றால் வெப்ப இரைச்சலும் சமன்.

ஓம்_விதி:
அண்ணை, இடையில் வருவதற்குக் குறை நினைக்க வேண்டாம். பௌதிகவியல் படிக்கிறேன். வெப்ப இரைச்சல் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஐசி கதை அவ்வளவு நேராக இல்லை. 5532க்கு மின்னோட்ட இரைச்சலும் உண்டு, அதே வர்க்கமூலக் கணக்கில் சுமார் 0.7 பிக்கோஅம்பியர். அதற்கு முன்னால் 100 கிலோ ஓம் வொலியூம் கன்ட்ரோல் இருந்து, பாதித் தடையில் நின்றால், இரு பக்கமும் 50 கிலோ சமாந்தரமாக நிற்பதால் ஐசிக்குத் தெரிவது 25 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 17.5 நனோவோல்ட். டிஎல்072இன் 18ஓடு சமன். அந்த 25 கிலோவின் வெப்ப இரைச்சலே இன்னொரு 20. வொலியூமை 10 கிலோவாக்கினால்தான் 5532 போட்டதன் பலன் தெரியும்.

பேஸ்_பெடியன், வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் ‘ஸ்ஸ்’ நிற்கிறதா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

நெல்லியடி_சவுண்ட்:
பார்த்தீர்களா! ஐசியால் போகவில்லை என்று உங்கள் பக்கத்து ஆளே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அப்போ மிச்சம் என்ன? மெட்டல் ஃபிலிம்!

கொக்குவில்_வால்வு:
தம்பி ஓம்_விதி 100 கிலோவுக்குச் சொன்னார். உங்கள் செட்டில் வொலியூம் எத்தனை கிலோ என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

நெல்லியடி_சவுண்ட்:
டிசி ஓடும் கார்பனில் மேலதிக இரைச்சல் உண்டு என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. பழைய கண்ணாடி வால்வின் ப்ளேட்டில் பழைய கார்பன் ரெசிஸ்டர் போட்டு 200 வோல்ட் கொடுத்துப் பாருங்கோ, அது சீறும். பெயரில் வால்வை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா?

கொக்குவில்_வால்வு:
அது பழைய கார்பன் கம்போசிஷன், மண்ணிறக் கட்டைபோல இருக்கும். இப்போது டவுண் கடையில் பெடியன் வாங்குவது மங்கல் நிறத்தில் நான்கு வளையம் போட்ட கார்பன் ஃபிலிம், அதில் அந்த மேலதிக இரைச்சல் மிகக் குறைவு. டிடிஏ2030 போர்டில் ஃபீட்பேக்குக்குப் போகும் 22 கிலோவிலும் 680 ஓமிலும் 200 வோல்ட் எங்கே நிற்கிறது? டிசி இல்லாத இடத்தில் அந்த இரைச்சலும் இல்லை. இதை எத்தனை தரம் எழுத வேண்டும்?

சுன்னாகம்_பழசு:
வெயிலையும் யோசியுங்கள். இந்த வெக்கையில் எந்த ரெசிஸ்டரும் கூடத்தான் இரையும்.

கொக்குவில்_வால்வு:
20 பாகையிலிருந்து 35 பாகைக்குப் போனால் 2.5 வீதம் கூடும், ஐயா. எந்தக் காதுக்கும் அது தெரியாது.

பேஸ்_பெடியன்:
அண்ணைமார், வொலியூமை முழுக்கக் குறைத்தேன். ‘ஸ்ஸ்’ குறையவே இல்லை, அதே அளவுதான்.

ஓம்_விதி:
அப்போ ப்ரீஆம்பில் இல்லை, பவர் ஆம்பிலேயே இருக்கிறது. 680 ஓமும் 22 கிலோவும் சேர்ந்து 33 மடங்கு பெருக்குகிறது. 680க்குப் பதிலாக 1 கிலோ போட்டால் 23 மடங்கு, மூன்று டெசிபல் அளவு குறையும். அந்தத் தடையை அதைவிட நன்றாகக் கூட்டிவிடாதீர்கள், பெருக்கம் 24 டெசிபலுக்கு (சுமார் 16 மடங்கு) கீழே போனால் அந்த ஐசி தானாகவே ஒசிலேட் ஆகத் தொடங்கும்.

நெல்லியடி_சவுண்ட்:
அந்த 1 கிலோவை மெட்டல் ஃபிலிமில் போடு தம்பி, நான் சொன்னதாக நினைத்துக்கொள்.

கொக்குவில்_வால்வு:
கார்பன் ஃபிலிமில் போடுங்கள் பேஸ்_பெடியன், போட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அதே மூன்று டெசிபல்தான் குறையும். இவர் கையில் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். போன திருவிழாவுக்கு என்னிடம் இரவல் வாங்கின ஆம்ப் திரும்பி வந்தபோது இரண்டு 2என்3055 ட்ரான்சிஸ்டரும் எரிந்திருந்தன. அதற்கும் கார்பன் ரெசிஸ்டர்தான் காரணம் என்றார்.

நெல்லியடி_சவுண்ட்:
ஹீட்சிங்கில் பேஸ்ட் பூசாமல் ட்ரான்சிஸ்டரை முறுக்கித் தந்தது யார்? மைக்கா தாளில் ஒரு துளி வெள்ளைகூட இல்லை. ஊருக்குள்ளே எல்லாருக்கும் சொல்லித் திரிந்தீர்கள், நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நீங்களே இழுத்துவிட்டீர்கள்.

கொக்குவில்_வால்வு:
பேஸ்ட் பூசித்தான் தந்தேன். நான்கு ஓம் ஸ்பீக்கரை இரண்டாகச் சேர்த்துக் கட்டி இரவு முழுக்க ஓட்டினால் எந்தப் பேஸ்டும் காப்பாற்றாது. அது கிடக்கட்டும். உங்கள் ப்ரீஆம்பின் வொலியூம் எத்தனை கிலோ? கழற்றிய ரெசிஸ்டர்களைப் படமெடுத்துப் போடுங்கள், வளையம் தெரிகிற மாதிரி.

நெல்லியடி_சவுண்ட்:
கழற்றியதை எல்லாம் எறிந்துவிட்டேன். படம் வேண்டுமென்றால் 2என்3055க்கு நீங்கள் கேட்ட காசின் கணக்கை முதலில் போடுங்கள். மெட்டல் ஃபிலிமைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.