மலையேற்றம் கற்கப் போன இடத்தில் மறக்க முடியாத ஒரு நிமிடம், உங்களுக்கும் உண்டா?

அம்பை பொண்ணு:
ரப்பெல்லிங், அதாவது கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்கும் பயிற்சி, முதல் நாள். கோர்ஸ் போனவர்களுக்கு அந்தப் பாறை விளிம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிச் சாயத் தொடங்கிவிட்டாள். பயிற்றுநர் ஒரு கையால் அவள் ஹார்னஸை, அந்த இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் கயிற்றை மாட்டும் கொக்கியான காராபினரை அழுத்தினார். கொக்கியின் வாய் திறந்துகொண்டது. திருகுப் பூட்டைத் திருகவே இல்லை. அவர் திட்டவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, "கண்ணால் பார்த்தால் போதாது, அழுத்திப் பாருங்கள்" என்றார். அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

களக்காட்டான்:
கயிறெல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனால் நம்ம பக்கத்து மலையில் ஆளைக் கொண்டுபோவது தண்ணீர். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துப் போனதை மறந்துவிட்டோமா? திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். நம்பியாற்றில் குளித்தவர்களை வனக் காவலர் ஒருவர் கரையேறச் சொன்னார். "மழையே இல்லையே அண்ணாச்சி" என்று ஒரு குடும்பம் சண்டைக்குப் போனது. அவர் பதில் பேசாமல் தண்ணீரைக் காட்டினார். கலங்கல் நிறம், மேலே சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. எல்லாரும் ஏறி முடித்தபோது அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள். மேலே எங்கோ பெய்திருக்கிறது. இதை எந்தக் கோர்ஸில் சொல்லித் தருகிறார்கள்?

வள்ளியூர் பெரியவர்:
சொல்லித் தருகிறார்கள் தம்பி. வானிலையும் ஆறு கடப்பதும் நாங்கள் படித்த பாடங்கள்தான். போகாமலே பேசக் கூடாது. என் கதை சின்னது. பனி மூடிய சரிவில் சறுக்கி விழுந்து, ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரியால் நிறுத்தும் பயிற்சி. பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவன் நான். தலைகீழாக, மல்லாக்கச் சறுக்கும்போது வானம் மட்டும்தான் தெரிந்தது. கோடரி முனை பனியைக் கடித்து, உடம்பு சுழன்று நின்ற அந்த நொடி இன்னும் கனவில் வருகிறது.

சரி, போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பனியில் சறுக்கினால் கோடரித் தலையைத் தோளோடு ஒட்டிப் பிடியுங்கள், மறு கை தண்டின் அடியில். குப்புறத் திரும்பி நெஞ்சின் பாரத்தைக் கோடரித் தலைமேல் போடுங்கள். காலில் கிராம்பான் (ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்) இருந்தால் பாதத்தைத் தூக்கிவிட வேண்டும். முள் பனியில் மாட்டினால் ஆளைக் குட்டிக்கரணம் போட வைத்துவிடும். பிலே கொடுக்கும்போது, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காக்கும்போது, பிரேக் கை (கயிற்றை இறுக்கி நிறுத்தும் கை) கயிற்றை விடவே கூடாது. கயிற்றை ஹார்னஸில் கட்டும் '8' வடிவ முடிச்சைப் போட்டவரும் பார்க்க வேண்டும், கூட்டாளியும் பார்க்க வேண்டும். கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு போடாமல் இறங்காதீர்கள். வழி தவறினால் ஒரு நிமிடத்துக்கு 6 விசில், அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி 6. டார்ஜிலிங்கில் 1954 முதலும் உத்தரகாசியில் 1965 முதலும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பேசிக் கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். யூடியூபில் பார்த்துவிட்டுக் கயிறு வாங்கிக்கொண்டு பாபநாசம் மேலே கிளம்பாதீர்கள், அது புலிகள் காப்பகம். மூன்று மாதம் முன்பே மூட்டை சுமந்து நடந்து, ஓடிப் பழகுங்கள். உடம்பு தயாராக இருந்தால் மலை ஒன்றும் செய்யாது.

பாளை மாணவன்:
அண்ணாச்சி, கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் குழுவிலேயே வேகமாக ஓடுகிறவன்தான், 3,500 மீட்டர் தாண்டிய முகாமில் ராத்திரி ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். விரல் போன இடத்துக்கு லேஸ் போகவில்லை. எழுப்பி நிறுத்தினால் தள்ளாடுகிறான். இரண்டு நாளாகத் தலைவலியை மறைத்திருக்கிறான், வரிசையில் பின்தங்கக் கூடாதென்று. 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்று வகுப்பில் எழுதிக்கொண்டவன்தான் அவனும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோய் அது; விடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். கீழ் முகாமில் காலையில் தெளிந்துவிட்டான், சாப்பாடும் கேட்டான். மருத்துவர் அவனை மறுபடி மேலே அனுப்பவில்லை. அன்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை.