முய் நேவிலிருந்து சைகோன் விமான நிலையம்: பஸ் தவிர வேறு வழி?

வியட்நாமில் முய் நே கடற்கரையில் அம்மாவோடு இருக்கிறேன். வியாழன் இரவு 11.30-க்கு சைகோனில் விமானம். தூரம் சுமார் 200 கி.மீ.

வரும்போது ஸ்லீப்பர் பஸ்ஸில் கீழ் பெர்த் கேட்டும் மேல் பெர்த்தான் தந்தார்கள். மூட்டு வலியோடு, கழற்றிய செருப்பைப் பிளாஸ்டிக் பையில் பிடித்தபடி அம்மா அந்த ஒல்லி ஏணியில் ஏறியதைப் பார்த்த பிறகு, திரும்பவும் அது வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் ஃபான் தியெட் நகரிலிருந்து போகும் ரயிலில் அன்றைக்கு இடமில்லை. தனி காருக்கு விடுதியில் 25 லட்சம் டாங் கேட்கிறார்கள். செயலியில் டாக்சி கிடைக்கிறது, சைகோன் என்றதும் ரத்து. ஸ்கூட்டரும் முடியாது, இந்தியாவில் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இங்கே செல்லாது. மணல்மேட்டுக்கே ஜீப்பில்தான் போனோம்.

உட்கார்ந்தே போகிற வேனோ, பங்கு காரோ விமான நிலையம் வரை போகிறதா?