வடசென்னைப் பூங்காக்களும் குடை ராட்டினமும்

கேள்வி: ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பூங்காக்களின் விளையாட்டுத் திடல்கள், ராட்டினங்கள் பற்றிய வரலாற்றை எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி: சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவிலிருந்து தொடங்குங்கள், ஐயா. ஆளுநர் டிரெவெலியன் 1859-இல் முன்னெடுத்த அந்தப் பூங்காவுக்குத்தான், எட்வர்டு பால்ஃபர் 1855-இல் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இடம் மாறியது. 1985-இல் வண்டலூருக்குப் போகும்வரை வடசென்னைக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்ற இடம் அதுவே. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை என்று கட்டடங்கள் எழ எழப் பூங்கா சுருங்கியது. மை லேடீஸ் பூங்கா அதன் எச்சம்.

மறுமொழி: ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அங்கு நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே விளையாடிய பிள்ளைகளைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

மறுமொழி: ராட்டினக்காரர்களிடம் பேசுங்கள், உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். நடுக்கம்பத்தைச் சுற்றி மரக்குதிரைகள் தொங்கும் குடை ராட்டினத்தைக் கையால் தள்ளித்தான் சுற்றுவார்கள். ஒரு பக்கம் சாய்ந்துவிடாதிருக்க, எடை கூடிய பிள்ளைகளை எதிரெதிரே அமர்த்திவிட்டு, அச்சுக்கு மசகு தடவிய பிறகே முதல் சுற்றைத் தொடங்குவார்கள்.