மறு: டவுன்லேண்ட் – நகர்நிலம் வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

அல்ஸ்டர்-ஸ்காட் (ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறியவர்களின் வழிவந்தோர்) குடும்ப வரலாறு தேடுவோருக்கான வழிகாட்டிக் கட்டுரையின் தமிழாக்கத்தில் மற்ற சொற்கள் எல்லாம் ஒருவழியாகப் படிந்துவிட்டன. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவான டவுன்லேண்ட் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது. ப்ளாண்டேஷன் என்பதை நான் 'அல்ஸ்டர் தோட்டம்' என்று எழுதி வைத்திருந்ததைச் சுட்டிக்காட்டிச் சிரித்தவர்களுக்கு நன்றி. அங்கே நட்டது செடியை இல்லை, ஆட்களை. 1610 வாக்கில் அரசு நடத்தியதைக் 'குடியேற்றத் திட்டம்' என்று மாற்றிவிட்டேன். அதற்கு முன்பே, 1606 முதல், ஹாமில்டன், மான்ட்கோமரி என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் டவுண், ஆன்ட்ரிம் கவுண்டிகள் (மாவட்டங்கள்) பக்கம் தம் சொந்தப் பொறுப்பில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது வெறும் 'குடியேற்றம்'.

சரி, டவுன்லேண்டுக்கு வருகிறேன்.

> குக்கிராமம் என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் இவ்வளவு இழுக்கிறீர்கள்?

அக்கா, குக்கிராமம் என்றால் நாலு வீடாவது வேண்டும். அந்த நாலு வீட்டுக்கு அங்கே கிளாகன் என்று வேறு சொல் இருக்கிறது. டவுன்லேண்ட் என்பது எல்லை வகுத்துப் பெயர் வைத்த நிலம், அவ்வளவுதான். ஆளே இல்லாத சதுப்பாகவும் இருக்கலாம். அயர்லாந்துத் தீவு முழுக்க 60,000க்கு மேல் உண்டு. சராசரியாக 325 ஏக்கர் வரும். ஆனால் மேயோ கவுண்டியில் 7,000 ஏக்கரில் ஒன்று இருக்கிறது. டைரோன் கவுண்டியின் கேரிக்மோரில் முக்கால் ஏக்கர்கூடத் தேறாத ஒரு பழைய கல்லறைத் தோட்டமே தனி டவுன்லேண்ட். அதைப் போய்க் குக்கிராமம் என்று எழுதினால் பேய்க்கதை ஆகிவிடும்.

இந்த ஒரு சொல்லுக்கு நான் ஏன் மல்லுக்கட்டுகிறேன் என்றால், தேடலே இதில்தான் போய் நிற்கிறது. பென்சில்வேனியாவில் இருக்கும் ஒருவர் கையில் 'ஜான் கேம்பல், ஆன்ட்ரிம்' என்று ஒரு வரி மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்ட்ரிமில் ஜான் கேம்பலைத் தேடுவது மதுரையில் முருகனைத் தேடுவது மாதிரி. 1796ஆம் ஆண்டின் ஆளி (லினன் நார் தரும் செடி) பயிரிட்டோர் பட்டியலைப் பார்க்கலாம். லினன் தொழிலை வளர்க்க, ஒரு ஏக்கர் ஆளி விதைத்தவருக்கு நான்கு ராட்டை, ஐந்து ஏக்கருக்கு ஒரு தறி என்று பரிசு கொடுத்து எழுதிய பட்டியல் அது. ஏறத்தாழ 60,000 பெயர்கள். ஆனால் பாரிஷ் (பல டவுன்லேண்டுகள் சேர்ந்த பிரிவு) வரைக்கும்தான் சொல்லும், அதற்குக் கீழே இறங்காது. வரி போடுவதற்காக 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீடுதான் டவுன்லேண்ட் வரை இறங்குகிறது. ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், எழுத்தர் அப்பன் பெயரைப் பக்கத்தில் குறித்து வைத்திருப்பார். நம்மூர் இனிஷியல்தான்!

மக்கள்தொகைக் கணக்கு இல்லையா என்று கேட்பீர்கள். 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத் தீயில் போய்விட்டது. 1861, 1871 ஏடுகளை அரசே அழித்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப்போரின்போது காகிதக்கூழாகிவிட்டன. முழுதாகத் தப்பியதில் மூத்தது 1901தான். டப்ளின் தேசிய ஆவணக்காப்பகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இடவாரியாகப் பார்த்தால் கவுண்டி, அடுத்து வட்டாரம், அதற்குள் டவுன்லேண்ட். பெயரைப் போட்டும் தேடலாம், ஆனால் ஊர் தெரியாதவர் எந்த ஜான் கேம்பல் தம்மவர் என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

(இன்னொன்று. அந்தப் படிவத்தில் மொழிக்கு ஒரு கட்டம் உண்டு. ஐரிஷ் தெரியுமா என்பதற்கு மட்டும்தான் அது. வீட்டில் அல்ஸ்டர்-ஸ்காட் பேசியவரின் கட்டம் காலியாகவே இருக்கும். மதத்துக்கான கட்டத்தில் 'பிரெஸ்பிட்டேரியன்' (ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பரவலான கிறிஸ்தவச் சபை) என்று இருப்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அதுவும் ஊகம்தான்.)

இனி, வந்த சொற்கள்.

நில அளவைத் துறையில் இருந்த ஐயா 'காணி' என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் காணி என்றதும் நமக்கு உரிமை ஞாபகம் வரும், பட்டா ஞாபகம் வரும். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள், நிலம் பண்ணையாருடையது. காணி என்று எழுதினால் படிப்பவர் இல்லாத பத்திரத்தைத் தேடி அலைவார்.

'நகர்நிலம்' நேர் மொழிபெயர்ப்பு, அதனாலேயே தப்பு. அங்கே நகரம் எதுவும் கிடையாது. ஸ்காட் பேச்சில் 'டூன்' என்றால் பண்ணையும் அதைச் சுற்றிய குடிசைகளும்கூட. ஐரிஷில் 'பாலி' என்று தொடங்கும் பெயர்கள், பாலிமீனா, பாலிகேரி மாதிரி, பெரும்பாலும் 'பைலே' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதற்குப் பொருத்தம் நம் 'ஊர்'தான். அதனால் 'ஊர்நிலம்' என்று நான் போட்டேன். எல்லையும் பெயரும்தானே முக்கியம் என்று இன்னொருவர் 'பெயர்நிலம்' என்றார். நேற்று இரவு வரை இந்த இரண்டுக்கும்தான் போட்டி.

எனக்கு இப்போது படுவது 'குறிச்சி'. மட்டக்களப்பு நண்பர் சொன்னபடி, கிழக்கிலங்கையில் ஊரின் உட்பிரிவுக்கு இன்றும் வழங்கும் சொல். கள்ளக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி என்று நமக்கும் காதுக்குப் பழகியது. குறிஞ்சி நிலத்து ஊர் என்ற பழைய பொருள் இடிக்காதா என்றால், இடிக்கட்டுமே: டவுன்லேண்ட் பெயர்களில் வரும் ட்ரம் என்றால் மேட்டு வரம்பு, நாக் என்றால் குன்று. அங்கே பாதிப் பெயர்கள் மேட்டின் பெயர்கள்தான்.

அன்புடன்.

---

தம்பி,

ஊர்நிலமா பெயர்நிலமா என்று நீங்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் வினைத்தொகையாகப் படித்துப் பாருங்கள். நகர்நிலம் நகரும். பெயர்நிலம் பெயரும். ஊர்நிலம் ஊரும். குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஸ்காட்லாந்திலிருந்து அல்ஸ்டருக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டே இருந்த கதையில், போகாமல் கிடந்தது அந்த நிலம் ஒன்றுதான். அதற்கு நடக்கிற பெயராகத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்.

குறிச்சிக்கு என் ஓட்டு. ஒரே தயக்கம்: கிழக்கில் அதை முதலாம் குறிச்சி, இரண்டாம் குறிச்சி என்று எண்ணிட்டும் சொல்வார்கள். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருக்கிறது. கட்டுரையில் முதல்முறை வரும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

---

ஐயா,

மூன்று நாள் மூளையைக் கசக்கியதை மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். இப்படிப் போடுகிறேன்:

'டவுன்லேண்ட் எனப்படும் குறிச்சி, தனக்கென்று பெயரும் எல்லையும் கொண்ட மிகச் சிறிய நிலப்பிரிவு. 1845 முதல் கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் அரசுப் பதிவேட்டில் ஏறின. அதில் மணமக்களின் இருப்பிடமாகப் பல நேரம் குறிச்சியின் பெயரே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.'

கிளாகனை அப்படியே விட்டுவிடுகிறேன். சிவில் பாரிஷுக்கு (அரசுக் கணக்கிலான பாரிஷ்) நம்மூர்க் கத்தோலிக்கர் சொல்லும் 'பங்கு' என்று போட்டால் பிரெஸ்பிட்டேரியர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குத் தனி இழை திறக்கிறேன். அக்கா, குக்கிராமக் கோபம் தீர்ந்ததா?