உடைந்த முகங்களை ஒட்டிப் பார்க்காதீர்கள்

உடைந்த விமான பாகங்களைச் சோதிக்கும் உலோகவியல் ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறேன். அங்கே சேர்ந்ததும் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: உடைந்த இரண்டு துண்டுகளை ஒருபோதும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதே. கை பரபரக்கும், சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தோன்றும். ஆனால் முகங்கள், அதாவது உடைந்த பரப்புகள், உரசினால் சாட்சி போச்சு.

திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் உலோகச் சோர்வால் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய வரிகள் வரிசையாகத் தெரியும். ஒரே இழுப்பில் அறுந்த இடத்தில் வரி இருக்காது, சின்னச் சின்னக் குழிகள்தான். அந்தப் பாகம் உடைந்ததால் விமானம் விழுந்ததா, விழுந்ததால் பாகம் உடைந்ததா என்பதைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிரித்தறிகிறோம்.

துடைக்கவும் கூடாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த யுனைடெட் 232 பயணிகள் விமானம். நடு எஞ்சினின் விசிறித் தட்டு (விசிறி இறக்கைகளைப் பிடித்திருக்கும் வட்டு) வானத்திலேயே உடைந்து சிதறியது. அதன் பெரிய துண்டு சுமார் மூன்று மாதம் கழித்து அயோவாவின் சோள வயலில் கிடைத்தது. டைட்டானியத்தில் வார்ப்பின்போதே இருந்த நுண்ணிய குறையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. அதோடு விடவில்லை. விரிசலுக்குள் ஒரு ரசாயனத்தின் தடயம் இருந்தது. முந்தைய பராமரிப்பில் விரிசல் தேடப் பூசிய ஒளிரும் திரவத்தோடு அது ஒத்துப்போனது. அதாவது சோதனை நடந்த அன்றே விரிசல் இருந்திருக்கிறது, கண்ணில் படவில்லை. யாராவது நல்லெண்ணத்தில் அந்தத் துண்டைக் கழுவியிருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எச்சரிக்கை விளக்கின் குட்டி பல்பு. மோதும் நேரத்தில் எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி நீண்டுவிடும். அணைந்திருந்தால் சுருள் குலையாமல் இருக்கும், அல்லது படக்கென்று ஒடிந்திருக்கும். நீண்ட இழையை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. எங்கள் மூத்தவர் ஒரே பல்பை வைத்து முடிவெழுத விடமாட்டார். அதே பலகையிலுள்ள எல்லா பல்புகளையும் பார்த்த பிறகுதான் பேசுவார். இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் புதிய விமானங்களில் இந்தச் சாட்சி இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

சாட்சியே உருகிப்போன விபத்தும் உண்டு. 2008 ஜனவரி 17-ல் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன்பே தரைதட்டிய போயிங் 777-ல் எரிபொருளை அடைத்தது பனிக்கட்டி. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். உயரழுத்த எரிபொருள் பம்புகளின் உட்புறத்தில் இருந்த புதிய அரிப்புத் தடங்கள்தான் எரிபொருள் போதிய அளவு வராததைக் காட்டிக்கொடுத்தன.

சரி, இடிபாடுகளை எடுக்கும் பணியில் இருப்பவர்களுக்கு: கிடக்கிற நிலையிலேயே முதலில் படம் எடுங்கள். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகப் பொதியுங்கள். கடலிலிருந்து எடுத்த உலோக பாகம் மட்டும் விதிவிலக்கு. உப்பு அரித்துவிடும், அதனால் நன்னீரில் தேய்க்காமல் அலசி, உடனே உலர்த்துங்கள்.