ஹோண்டா எஸ்2000: சிஓஇ புதுப்பித்து டிராக் டேவுக்கு வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

விடெக்_வேலு

வணக்கம் அண்ணன்மாரே. 2006-ல் பதிவான எஸ்2000, ஏபி2 (பிந்தைய வகை), 2.0 லிட்டர் எஃப்20சி எஞ்சின். ஏற்கெனவே ஒரு தடவை பத்தாண்டு சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சிருக்க வாங்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) புதுப்பிச்ச கார். அது இந்த ஆண்டு முடியுது. குடும்பத்துக்கு வேற கார் இருக்கு, வேலைக்கு எம்ஆர்டி ரயில். இது வெளியே வர்றது ஞாயிறு காலையிலயும், மலேசியாவுல சிப்பாங் பந்தயத் தடத்துல சொந்தக் காரை ஓட்டவிடுற டிராக் டேவுக்கும்தான். பிரேக் பேட் தவிர எல்லாமே கம்பெனியில வந்தபடி இருக்கு. மேலே துணிக் கூரை, ரோல் பார் (கார் உருண்டா தலையைக் காக்கிற இரும்புச் சட்டம்) கிடையாது.

இந்தக் காரை விட மனசே வரல. ஆனா பிகியூபி (சிஓஇ புதுப்பிக்கக் கட்டுற தொகை) இருக்கிற விலைக்கு மனசை மட்டும் கேட்டு முடிவெடுக்க முடியாது. மூணு விஷயம் தெரியணும்:

பத்தாண்டா, ஐந்தாண்டா, இல்ல விட்டுடலாமா?
பணம் கட்டுறதுக்கு முன்னாடி எஞ்சின்ல, அடிப்பக்கத்துல எதையெல்லாம் பார்க்கணும்?
துணிக் கூரையோட டிராக்ல ஓட்டுறது சரியா?

ஈசூன்_கணக்கர்

முதலில் பணத்தைப் பார்ப்போம். டிராக்கில் ஓட சிஓஇ தேவையில்லை. ஆனால் சிங்கப்பூரில் நிரந்தர டிராக் கிடையாது. கார் தன் சக்கரத்திலேயே எல்லை தாண்டி சிப்பாங் வரை போக வேண்டும். அதற்குத்தான் இத்தனை பணம் கட்டுகிறீர்கள்.

பிகியூபி என்பது முந்தைய மூன்று மாத சிஓஇ ஏலவிலையின் சராசரி. உங்கள் கார் பி பிரிவு, அதாவது பெரிய எஞ்சின் கார்களின் பிரிவு. கணக்குக்கு 110,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) வெளியிடும் அந்த மாதத் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு என்றால் வருஷம் 11,000. 1,997 சிசிக்குச் சாலை வரி வருஷத்துக்கு ஏறக்குறைய 1,210. 14 ஆண்டு தாண்டிய காருக்கு அதன் மேல் 50 விழுக்காடு கூடுதல், ஆக 1,813. காப்புறுதி, ஆண்டுதோறும் சோதனை எல்லாம் சேர்த்து 2,500 என்று போட்டாலும் வருஷத்துக்கு 15,300 வருகிறது. ஆண்டுக்கு ஆறு டிராக் டே என்றால் ஒரு நாளுக்கு 2,550. டயர், பேட், பெட்ரோல், டிராக் கட்டணம், டோல், தங்கும் அறை எதுவும் இதில் சேரவில்லை. ஞாயிறு காலை ஓட்டம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதுதான் இந்த எண்ணைத் தாங்கக்கூடியதாக ஆக்கும். அது வேண்டாம், டிராக் மட்டும் போதும் என்றால் இந்தச் செலவு நியாயமில்லை.

பத்தா ஐந்தா என்றால், பத்து. ஐந்தாண்டுப் புதுப்பிப்பில் பிகியூபியில் பாதிதான் கட்டுவீர்கள், ஆனால் அதற்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க வழியே இல்லை. நான்காம் ஆண்டில் விற்கப் போனால் உள்ளூரில் வாங்குபவர் இருக்க மாட்டார். பத்தாண்டு கட்டிவிட்டு நடுவில் பதிவை ரத்து செய்தாலும் மீதி மாதங்களுக்கு உரிய தொகை கணக்குப்படி திரும்பி வரும். 110,000 கட்டி நான்காண்டில் விட்டால் 66,000 திரும்பும். உங்களுக்கு உண்மையில் தேய்வது ஓட்டிய மாதங்களும் முடங்கிய பணத்தின் வட்டியும்தான். கடன் வாங்கிக் கட்டினால் அந்த வட்டியையும் மேலே சொன்ன எண்ணோடு சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதி. பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு விலக்கு என்று எழுதியிருக்கும். சிப்பாங்கில் தடுப்புச் சுவரில் மோதினால் காரின் செலவு முழுக்க உங்களுடையது, இடிபட்ட தடுப்புக்கான கட்டணமும் உங்களிடம்தான் வரும். காரை மொத்தமாக இழந்தால் சிஓஇ மீதம் திரும்பலாம், பாடி மதிப்பு திரும்பாது. எஸ்2000-க்கு அந்த மதிப்பு சின்னதல்ல. 2009-க்குப் பிறகு ஹோண்டா இதைத் தயாரிக்கவே இல்லை, வலப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு வெளிநாட்டிலும் ஆள் உண்டு. அந்தத் தொகை ஒரே நாளில் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தாங்காது என்றால் காரை வைத்துக்கொள்ளுங்கள், டிராக்குக்கு வேறு கார் பாருங்கள்.

ஸ்பானர்12

பிகியூபி கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் காரை லிஃப்ட்ல ஏத்துங்க. எதைப் பார்க்கணும்னு முக்கியமானதுல இருந்து சொல்றேன்.

வால்வ் ரிட்டெய்னர், அதாவது வால்வ் ஸ்பிரிங்கை மேலே பிடிச்சிருக்கிற தட்டு. இது முந்தைய வகையான ஏபி1-ல பேர்போன பிரச்சினை. உங்களது ஏபி2-ன்னாலும் முன்னாடி வச்சிருந்தவங்க கியரை எப்படிப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால வால்வ் கவரைக் கழட்டிப் பார்த்துடுங்க. சிப்பாங்ல நேர்பாதை முடிஞ்சு முதல் வளைவுக்கு பிரேக் போட்டுக்கிட்டே 5-ல இருந்து 4-க்கு இறக்கும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் போனா 2 விழும். 4-ல 6,500 ஆர்பிஎம் வர வேண்டியது 2-ல 11,400-க்கு ஏறும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுத்துறதை அதால நிறுத்த முடியாது. ரிட்டெய்னர்ல முடி அளவு வெடிப்பு விழும். கார் அதுக்கப்புறமும் மாசக்கணக்கா ஒழுங்கா ஓடும். பிறகு ஒரு நாள் வால்வ் உள்ளே விழுந்து பிஸ்டன், ஹெட் ரெண்டையும் கொண்டுபோயிடும்.

கம்ப்ரஷன் டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது. வால்வ் கவரைக் கழட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங் தட்டுக்கும் மேலே வால்வ் தண்டோட நுனி எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பதினாறும் ஒரே உயரத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் கீழே அமுங்கி இருந்தா அந்த ரிட்டெய்னர் வெடிச்சிருக்கு, காரை அதுக்கு மேல ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கவர் திறந்திருக்கும்போதே வால்வ் கிளியரன்ஸும் (வால்வுக்கு மேலே விடுற இடைவெளி) பார்த்துடலாம். இன்டேக் 0.21-ல இருந்து 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25-ல இருந்து 0.29. ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கணும், அதனால காரை முந்தின ராத்திரியே வொர்க்‌ஷாப்ல விட்டுடுங்க. காலைல ஓட்டிட்டு வந்த காரை மதியம் அளந்தா அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

அடுத்து லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை ஏத்தி எவ்வளவு கசியுதுன்னு பார்க்கிற சோதனை. எஞ்சின் சூடா, ஒவ்வொரு சிலிண்டர்லயும் பிஸ்டன் டாப்ல, 100 பிஎஸ்ஐ காத்து. 10 விழுக்காட்டுக்குக் கீழே நல்லது, 20-ஐ நெருங்கினா எங்கே போகுதுன்னு காது வச்சுக் கேட்கணும். த்ராட்டில் பக்கம்னா இன்டேக் வால்வ், சைலன்சர் பக்கம்னா எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடி வழியா வந்தா ரிங், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட். ரிங் போயிருந்தா அது பெரிய செலவு. இந்த பிளாக்ல இருக்கிறது சாதாரண இரும்பு லைனர் இல்ல, நாரிழை கலந்த உலோகம். வழக்கமான போரிங், ஹோனிங் பண்ணுற எல்லாக் கடையிலயும் குடுக்கக் கூடாது.

2,000 ஆர்பிஎம் பக்கத்துல சைக்கிள் ஸ்போக்ல அட்டை உரசுற மாதிரி சத்தம் வந்தா டைமிங் செயின் டென்ஷனர். ஒரு மணி நேர வேலை, பயப்பட வேண்டாம். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருக்கான்னு டார்க் ரென்ச்ல பாருங்க, இந்த எஞ்சின்ல அது தளர்ந்து வர்றது உண்டு.

அடிப்பக்கம்: சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருக்கிற அலைன்மென்ட் போல்ட். இந்த வயசு கார்ல அது புஷ்ஷோட உள்குழாயில துருப்பிடிச்சு ஒட்டிக்கும். ஒட்டியிருந்தா கேம்பர், டோ (சக்கரத்தோட சாய்வு, திசை) எதுவும் வைக்க முடியாது. வெட்டித்தான் எடுக்கணும், போல்ட்டும் புஷ்ஷும் புதுசு போடணும். பத்தாண்டு கட்டலாமான்னு கணக்குப் போடும்போது இதையும் சேருங்க. ரேடியேட்டர் மேல் தொட்டி பிளாஸ்டிக். பழுப்பு நிறமாயிருந்தா வெடிக்கிறதுக்குக் காத்திருக்காம மாத்திடுங்க.

டிராக் டேவுக்கு முன்னாடி இதெல்லாம்: எஞ்சின் ஆயில் ஃபில்டரோட 4.8 லிட்டர். டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரை இருக்கணும். 9,000 ஆர்பிஎம்-க்கு விட்டா இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், 5-ம் 6-ம் வளைவு மாதிரி நீளமான வேக வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்குக் கிடைக்காம போகும். ஒவ்வொரு செஷனுக்கும் நடுவுல பாருங்க, கையில ஒரு லிட்டர் வச்சிருங்க. கியர்பாக்ஸ்ல ஒன்றரை லிட்டர், பின் டிஃபரன்ஷியல்ல முக்கால் லிட்டர். சின்ன அளவுங்கிறதால சீக்கிரம் சூடாகிக் கெட்டுப்போகும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

பிரேக் ஆயில் பழசா இருந்தா பெடல் தரை வரை போகும். டாட் 4 தரத்துல புதுசுக்குக் குறைந்தபட்ச கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினா 155 வரை இறங்கலாம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதுசா 312. முதல் வளைவு, 15-ம் வளைவு ரெண்டும் நீள நேர்பாதைக்கு அப்புறம் வர்றது, பிரேக் அங்கதான் வேகும். டிராக்குக்கு முன்னாடி வாரம் புதுசு ஊத்தி பிரேக் லைன்ல இருக்கிற காத்தை வெளியே எடுத்துடுங்க. கடைசி சுத்தை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆறவிட்டு பிட்டுக்கு வாங்க, நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க. வீல் நட் 108 நியூட்டன் மீட்டர், முதல் செஷனுக்கு அப்புறம் ஆறினதும் மறுபடி பாருங்க. டயர் குளிர்ல 28 பிஎஸ்ஐ-ல ஆரம்பிச்சா சூட்டுல 34, 35 வரும், அதுக்கு மேல போனா காத்தை இறக்குங்க.

துணிக் கூரை விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு வளையத்தை மட்டும் நம்பி டிராக்ல ஓட்டாதீங்க. ஹார்ட்டாப் மாட்டினாலும் அது மழைக்குத்தான், உருண்டா தாங்காது. ரோல் பார் போட்டப்புறம் ஹெல்மெட்டோட உட்காருங்க, பார் உச்சியில இருந்து கண்ணாடிச் சட்டத்தோட உச்சி வரை ஒரு நேர்க்கழியை வைங்க. ஹெல்மெட்டுக்கும் கழிக்கும் நடுவுல 5 சென்டிமீட்டராவது இருக்கணும். இல்லேன்னா சீட்டைத் தாழ்த்தணும்.

கிள்ளான்_சத்ரியா

மலேசியப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. ஈசூன் அண்ணன் போட்ட கணக்கில் ஓராண்டுச் செலவை மட்டும் எடுத்தாலே இங்கே டிராக்குக்கென்றே ஒரு புரோட்டான் சத்ரியா நியோவில் நண்பரோடு பங்கு போட்டு நல்லபடி தயார் செய்யலாம். 1.6 கேம்ப்ரோ சிபிஎஸ் எஞ்சின், 125 குதிரைத்திறன். பேட், டிஸ்க், கிளட்ச் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கூரை இரும்பு, பாதுகாப்புக் கூண்டு வெல்ட் பண்ணுவது சுலபம். சுவரில் உரசினால் மனசு வலிக்கும், பர்ஸ் தாங்கும். பங்கு வேண்டாம் என்றால் வாடகைக்குத் தயார் நிலையில் டிராக் கார் தருபவர்களும் உண்டு. சேதப் பொறுப்பு எத்தனை ரிங்கிட் வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இன்னொன்று, எஸ்2000-இல் வந்தால் அதே காரில்தான் திரும்ப வேண்டும். 300 கிலோமீட்டருக்கு மேல். மதியம் கிளட்ச் போனால் இழுவை வண்டி, அறை, விடுப்பு எல்லாம் சேரும். இந்தப் பயத்தில் நிறையப் பேர் கடைசி செஷனை ஓட்டுவதே இல்லை. அது சரியான முடிவுதான்.

பெட்ரோல்: வெளிநாட்டுப் பதிவு எண்ணுக்கு இங்கே ரான் 95 கிடையாது, இந்த எஞ்சினுக்கு அது ஒத்தும் வராது. 97 அல்லது 100 போடுங்கள். சிங்கப்பூர்ப் பக்கம் கிளம்பும்போது டேங்க் முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, இங்கே விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) ஒட்டியிருக்க வேண்டும். 20 நிமிட செஷனுக்கு 12 லிட்டர் போல் குடிக்கும், டேங்கே 50 லிட்டர்தான். கால் டேங்குக்குக் கீழே இறக்கி வளைவுகளில் ஓட்டாதீர்கள்.

விடெக்_வேலு

ரொம்ப நன்றி. கவர் திறந்து பார்த்தாச்சு: பதினாறு தண்டும் ஒரே உயரம். போல்ட்ல பின்பக்கம் ரெண்டு ஒட்டியிருக்கு. லீக்டவுன் 6, 7, 6, நாலாவது மட்டும் 18. காத்து சைலன்சர் பக்கம் சீறுது. கிளியரன்ஸ் இன்னும் அளக்கல. இந்த 18-ஐ வச்சு விட்டுடலாமா?

ஸ்பானர்12

விட வேண்டாம் தம்பி, இப்பவே ஹெட்டையும் கழட்ட வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேயத் தேய கிளியரன்ஸ் இறுகும். இறுகி வால்வ் முழுசா மூடாம இருந்தாலே இந்த எண் வரும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு நாலாவதோட ரெண்டு எக்ஸாஸ்டையும் அளங்க. 0.25-க்குக் கீழே இருந்தா 0.29 பக்கமா தளர்வா வைங்க, எக்ஸ்பிரஸ்வேல நல்லா சூடாக ஓட்டிட்டு மறுபடி லீக்டவுன் எடுங்க. 10-க்குப் பக்கத்துல வந்தா பிரச்சினை அதோட முடிஞ்சுது. கரி ஒட்டியிருந்தாலும் அந்த ஓட்டத்துல கொஞ்சம் போகும். கிளியரன்ஸ் சரியா இருந்தும் 18 அப்படியே நின்னா வால்வ் எரிஞ்சிருக்கு, ஹெட் இறங்கணும். ஹெட் வேலைக்கும் ரெண்டு போல்ட்டுக்கும் எழுத்துல விலை வாங்கிட்டு ஈசூன் அண்ணன் கணக்குல சேருங்க.

ஈசூன்_கணக்கர்

அந்த விலை வந்ததும் இங்கே போடுங்கள். என் கருத்து: ஹெட் இறங்காமல் முடிந்தால் பத்தாண்டு கட்டி, ஞாயிறு ஓட்டத்துக்கும் ஆண்டுக்கு இரண்டொரு நிதானமான டிராக் டேவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்; மீதி நாட்களுக்குக் கிள்ளான் நண்பர் சொன்ன சத்ரியா. ஹெட் இறங்க வேண்டும் என்றால் சிஓஇ முடியும் முன்பே ஏற்றுமதி செய்பவர்கள் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். பதிவு ரத்தான பிறகு காரை அப்புறப்படுத்த ஒரு மாதம்தான் அவகாசம், அந்த நெருக்கடியில் கேட்டால் பாதி விலைதான் சொல்வார்கள்.