அப்பாவின் தோளில் கட்டி: மூன்று சென்டிமீட்டர் சுற்றி வெட்டத்தான் வேண்டுமா?

குலசேகரத்து மகள்:
அப்பாவுக்கு 52 வயது, ரப்பர் பால்வெட்டும் தொழில். இடது தோளில் ஆறு வருடமாகச் சுண்டைக்காய் அளவில் ஒரு தடிப்பு. வலிக்காததால் யாரும் பொருட்படுத்தவில்லை. போன வருடம் ஒரு கிளினிக்கில் கொழுப்புக்கட்டி என்று கீறி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. பதினோரு மாதத்தில் தழும்பின் மேலேயே மூன்று முடிச்சாகத் திரும்ப வந்துவிட்டது. இப்போது பயாப்ஸி முடிவில் 'டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டியூபெரன்ஸ்' என்று இருக்கிறது. தோலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியாம். சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டுமாம். எலுமிச்சங்காய் அளவுக் கட்டிக்கு இவ்வளவா? "கை தூக்க முடியாமல் போனால் மரத்துக்கு யார் போவது?" என்கிறார் அப்பா.

தக்கலைக்காரன்:
மகளே, இதே பெயரை வாசிக்கத் தெரியாமல் நானும் விழித்திருக்கிறேன். எனக்கு முதுகில். நாஞ்சில் வயலில் கோரை பிடுங்கியிருக்கிறாயா? மேலே இழுத்தால் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே கிடக்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இழைகளைத் தோலுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடவிட்டிருக்கும். அதனால்தான் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சுற்றியும், கீழே தசையை மூடிய உறை வரையிலும் எடுக்கிறார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். அதே இடத்தில் முளைப்பதுதான் இதன் குணம்.

எனக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் செய்தார்கள். முதலில் ஆழம் பார்க்க எம்.ஆர்.ஐ. தோல் ஒட்டிய இடத்தைவிட, தோல் எடுத்த தொடைதான் இரண்டு வாரம் எரிந்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை! பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினேன். தோளை எப்போது அசைக்கலாம், என்ன பயிற்சி என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

ஆய்வகத்து அக்கா:
பயாப்ஸி முடிவில் சிடி34 என்ற புரதம் இருக்கிறதா என்று காட்டும் சாயப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பார், தங்கச்சி. இந்தக் கட்டியில் பெரும்பாலும் அது பாசிட்டிவாக வரும். 'ஃபைப்ரோசார்கோமா மாற்றம்' என்ற சொல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அழுத்திக் கேள். அந்த வகை பரவக்கூடியது, நெஞ்சு ஸ்கேன் எடுப்பார்கள். வெட்ட முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு இமாட்டினிப் மாத்திரை உண்டு. அப்பாவுக்கு வெட்ட முடிகிறதே, அதுதான் முதல் வழி. இந்த முறை எடுத்ததன் ஓரங்களில் கட்டி இல்லை என்று எழுத்தில் வரும்வரை விடாதே.

குலசேகரத்து மகள்:
சிடி34 பாசிட்டிவ், அந்த மாற்றம் இல்லை என்றே இருக்கிறது. நன்றி அக்கா, அண்ணாச்சி. புதன்கிழமை குழித்துறையில் ரயில் ஏறுகிறோம். அப்பா இன்று வலது கையால் மட்டும் வெட்டிப் பழகினாராம். பட்டையைக் காயப்படுத்திவிட்டார் என்று தோட்டக்காரர் சத்தம் போட்டிருக்கிறார்.